ரெகுலரா, கரஸ்ஸா?

எந்த வேலைவாய்ப்புத் தளத்தில் கணக்கு தொடங்கினாலும் கல்வித் தகுதி கேட்கும் இடத்தில் ஒரு சின்ன டிராப்டவுன் இருக்கும். முழுநேரம், பகுதிநேரம், தொலைநிலை. மூன்றில் ஒன்றைத் தொட்டால்தான் அடுத்த பக்கம் திறக்கும். பார்ப்பதற்கு அப்பாவியான கேள்வி. ஆனால் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்லலாம்: டேட்டாபேஸில் ஒரு கட்டத்தைச் சும்மா சேர்க்க மாட்டோம். சேர்த்திருக்கிறோம் என்றால், அதை வைத்து யாரோ, எங்கோ, ஒரு நாள் வடிகட்டப் போகிறார்கள். அந்த வடிகட்டியை ஒருமுறை தட்டிவிட்டால் போதும். தொலைநிலை என்று தொட்டவர்களின் விண்ணப்பம் மனிதக் கண்ணில் படாமலேயே போய்விடும்.

இந்த வடிகட்டியில் பலவகை மனிதர்கள் மாட்டுகிறார்கள். கல்யாணத்துக்குப் பிறகு படித்த பெண்கள், ஜவுளிக்கடையில் நின்றுகொண்டே பி.காம் முடித்தவர்கள், அப்பா செத்ததும் வேலைக்குப் போன மூத்த பிள்ளைகள். அவர்களைப் பற்றித் தனித்தனியாக எழுத வேண்டும். இங்கே நான் பேசப்போவது ஒரே ஒரு வகையைப் பற்றி. ராணுவத்தில் இருந்துகொண்டே டிகிரி முடித்தவர்கள். ஏனென்றால் இவர்கள் விஷயத்தில்தான் நம்முடைய பாசாங்கு அப்பட்டமாகத் தெரிகிறது. சுதந்திர தினத்தன்று அலுவலக வாசலில் மூவர்ணப் பலூன் கட்டி, ஜவானுக்கு சல்யூட் என்று மின்னஞ்சல் அனுப்பும் அதே மனிதவளத் துறைதான் மறுநாள் அவனுடைய விண்ணப்பத்தில் 'கரஸ்' என்ற சொல்லைப் பார்த்துவிட்டு ஒதுக்கி வைக்கிறது.

நான் வேலூர் பக்கத்துக்காரன். எங்கள் மாவட்டத்துக் கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்று பட்டப்பெயரே உண்டு. அங்கே மட்டுமில்லை, சுற்றுவட்டாரத்தில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் 'மிலிட்டரிக்காரர் வீடு' என்று ஒரு வீட்டைக் காட்டுவார்கள். பிளஸ் டூ முடித்த கையோடு காலையில் ஏரிக்கரையில் ஓடி, தேர்வு முகாமுக்குப் போய், பையன் பத்தொன்பது வயதில் வடக்கே ரயில் ஏறிவிடுவான். படிப்பு வராததால் போனான் என்று ஊர் சொல்லும். வீட்டில் காசு இல்லாததால் போனான் என்பதைச் சொல்லாது.

என் சித்தி பையன் அப்படிப் போனவன். சிக்னல்ஸ் பிரிவு. சேர்ந்த மூன்றாம் வருடம் இக்னோவில் இளநிலைப் பட்டத்துக்குப் பதிவு செய்தான். ஒருமுறை போனில் கேட்டேன், எப்படிடா நேரம் கிடைக்குது என்று. "நேரம் கிடைக்குதுணா. டவர்தான் கிடைக்கல" என்றான். ராத்திரி டியூட்டி முடித்து வந்து, மெஸ்ஸுக்குப் பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி உட்கார்ந்தால் பாடத்தின் பிடிஎஃப் இறங்கும். அங்கேயே இறக்கி வைத்துக்கொண்டு பாரக்கில் வந்து படிப்பான். அசைன்மென்ட்டைக் கையால் எழுத வேண்டும். எழுதி முடித்து அனுப்புவதற்குள் யூனிட்டே இடம் மாறிவிட்ட கதையும் உண்டு.

இதில் நான் சோகப்பாட்டு பாடவில்லை. கணக்கு பார்ப்போம். இன்றைய விதிப்படி மூன்றாண்டு இளநிலைப் பட்டத்துக்கு 120 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பு. மொத்தம் 3,600 மணி நேரம். பட்டாளத்தில் கற்றதற்காகப் பாதியைக் கழித்தாலும் 1,800 மணி. மூன்று வருடத்தில் முடிக்க வாரத்துக்குப் பதினொன்றரை மணிக்கு மேல். அதிகாலை பிடி பரேடில் ஆரம்பித்து இரவுக் காவல் வரை நீளும் ஒரு நாளில் இந்தப் பதினொன்றரை மணி நேரத்தை எங்கிருந்து பிய்த்து எடுப்பது? தூக்கத்திலிருந்துதான். இக்னோவின் பருவத் தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும் வரும். டிசம்பரில் மலைப்பகுதியில் இருப்பவனுக்குக் கணவாய் மூடியிருக்கும். ஜூனில் விடுப்பு கேட்டால், ஊரில் தங்கச்சி கல்யாணத்துக்குக் கேட்டவன் ஏற்கெனவே வரிசையில் நிற்பான். வழக்கமான ஜவானுக்கு வருடாந்திர விடுப்பு 60 நாள், தற்செயல் விடுப்பு 30 நாள். அக்னிவீருக்கு எல்லாம் சேர்த்தே வருடத்துக்கு 30 நாள். அந்த 30 நாளில் அம்மாவைப் பார்க்கப் போகவும் வரவும் ரயிலிலேயே ஆறேழு நாள் கழிந்துவிடும். மிச்சத்தில் ஒரு பகுதியைத் தேர்வு மேசைக்குக் கொடுக்க வேண்டும்.

இணையத்தில்தான் எல்லாம் இருக்கிறதே, யூடியூப் பார்த்துப் படிக்கலாமே என்பார்கள். 2020 ஜூலையில் ராணுவம் 89 செயலிகளை நீக்கச் சொல்லி உத்தரவு போட்டது; ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் அதில் அடக்கம். பாதுகாப்புக் காரணம் நியாயமானதாகவே இருக்கட்டும். நாம் 'ஆன்லைன் படிப்பு' என்று சொல்லும்போது மனதில் வைத்திருக்கும் வைஃபை, லேப்டாப், சந்தேகம் கேட்கும் குழு இதெல்லாம் வேறொரு மனிதனுக்கானது என்பதைச் சொல்லத்தான் இதைச் சொல்கிறேன்.

இப்போது 'ரெகுலர்' பக்கம் வருவோம். நான் ரெகுலர். நான்கு வருடம், பொறியியல், முழுநேரம். நான் படித்த காலத்தில் தமிழ்நாட்டில் ஐநூறுக்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றின் உள்ளே என்ன நடந்தது என்பது அங்கே படித்த எல்லோருக்கும் தெரியும். முந்தைய வருடத்து சீனியரின் ரெக்கார்டு நோட்டு இந்த வருடத்து ஜூனியரின் மேசைக்கு வரும். ஆய்வகத்தில் இயந்திரம் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும். 75 சதவீத வருகைக்கு ஒரு நாள் குறைந்தால் அபராதம். ஆனால் அந்த 75 சதவீதத்தில் தலைக்குள் என்ன போயிற்று என்று கேட்பார் இல்லை. பல்கலைக்கழகத் தேர்வுக்கு முந்தின நாள் 'இம்பார்ட்டன்ட் கொஸ்டின்' என்று ஒரு ஜெராக்ஸ் தாள் சுற்றும். நான் இன்று சம்பளம் வாங்குவதற்குக் காரணமான எதையும் அந்த வகுப்பறையில் கற்கவில்லை. வேலையில் சேர்ந்து, ராத்திரியில் உட்கார்ந்து, இணையத்தில் பார்த்துப் படித்ததுதான். அதாவது கரஸ்.

ஆக, ரெகுலர் என்ற சொல் எதை உறுதிசெய்கிறது? பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு வயது வரை இந்தப் பையனுக்கு அப்பாவோ அண்ணனோ சோறு போட்டார்கள் என்பதை உறுதிசெய்கிறது. கல்லூரிப் பேருந்துக்குக் கட்டணம் கட்ட ஒருவர் இருந்தார் என்பதை உறுதிசெய்கிறது. அறிவைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. குடும்பத்தின் வங்கிக் கணக்கைப் பற்றிய தகவலைக் கல்வித் தகுதி என்ற பெயரில் கேட்டு வாங்குகிறோம்.

எதிர்த்தரப்பு வாதம் ஒன்று இருக்கிறது. அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. தொலைநிலைக் கல்விக்குக் கெட்ட பெயர் காரணமில்லாமல் வரவில்லை. 1962இல் தில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியபோது இருந்த நோக்கம் வேறு. பின்னால் மூலைக்கு மூலை ஒரு மாடியில் 'ஸ்டடி சென்டர்' போர்டு தொங்கியது வேறு. 2001 முதல் 2005 வரையிலான கல்வியாண்டுகளில் சேர்ந்தவர்களுக்கு நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலையில் வழங்கிய பொறியியல் பட்டங்களை 2017இல் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்து, மறுபடி தேர்வு எழுதச் சொன்னது. சந்தேகப்படுவதற்கு இதெல்லாம் நல்ல காரணங்கள். ஆனால் சந்தேகம் வந்தால் என்ன செய்ய வேண்டும்? பட்டத்தைச் சோதிக்க வேண்டும். ஆளைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்க வேண்டும். நாம் செய்வது அதுவல்ல. கேள்வியே கேட்காமல் வாசலில் நிறுத்துகிறோம். கல்லூரிக்கே போகாமல் காசு கட்டிப் பட்டம் வாங்கியவனையும், தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்து பாடம் இறக்கியவனையும் ஒரே டிராப்டவுனில் போட்டு ஒரே கிளிக்கில் தள்ளுகிறோம். அதே சமயம் கண்ணாடிக்குப் பின்னால் இயந்திரம் பார்த்த 'ரெகுலர்' பொறியாளனுக்குக் கதவு தானாகத் திறக்கிறது.

சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற நிறுவனம் தொலைநிலையிலோ இணையவழியிலோ தரும் இளநிலை, முதுநிலைப் பட்டங்கள் வழக்கமான பட்டங்களுக்கு இணையானவை என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு ஒழுங்குமுறையே சொல்கிறது. 2022 செப்டம்பரில் அதை மறுபடி எடுத்துச் சொன்னார்கள். தனியார் நிறுவனத்தை அது கட்டுப்படுத்தாது, அவ்வளவுதான்.

அரசுத் தரப்பையும் விட்டுவைக்க முடியாது. அக்னிபாத் திட்டம் 2022 ஜூன் 14இல் அறிவிக்கப்பட்டது. பதினேழரை வயதில் சேர்ப்பார்கள், நான்கு வருடம், அதில் 25 சதவீதம் பேர்வரை பணியில் தொடரலாம், மற்றவர்கள் சுமார் 11.71 லட்சம் ரூபாயோடு வீட்டுக்குப் போகலாம். ஓய்வூதியம் கிடையாது. மறுநாளே கல்வி அமைச்சகத்திடமிருந்து அடுத்த அறிவிப்பு: பணியில் இருக்கும் வீரர்களுக்கு இக்னோ வழியாக மூன்றாண்டுப் பட்டம். பாதிக் கிரெடிட் படையில் பெறும் திறன் பயிற்சிக்கு, மீதிப் பாதி பாடங்களுக்கு. முதல் வருடத்தோடு நின்றால் சான்றிதழ், இரண்டாம் வருடத்தில் பட்டயம், மூன்று முடித்தால் பட்டம். இந்த யோசனையைக் குறை சொல்ல மாட்டேன். படையில் கற்றதும் கல்விதான் என்று ஒரு பல்கலைக்கழகம் ஒப்புக்கொள்வது பெரிய விஷயம். நம் ஊரில் கையால் செய்கிற எதையும் படிப்பாக ஒப்புக்கொண்டதில்லை. ஆனால் நாள்களைப் பாருங்கள். ஓய்வூதியம் இல்லை என்று சொன்ன மறுநாள் டிகிரி தருகிறோம் என்கிறார்கள். பந்தியில் சாப்பாடு தீர்ந்துபோனதும் வெற்றிலைப் பாக்குத் தட்டை நீட்டுவது போல.

அந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் இன்னும் எரிச்சல். அறிவிப்பில் சொன்ன பட்டங்களின் பெயர்கள்: பி.ஏ., பி.காம்., பி.ஏ. தொழிற்கல்வி, பி.ஏ. சுற்றுலா மேலாண்மை. பாடக் கூடையில் மொழிகள், பொருளாதாரம், வரலாறு, அரசியல் அறிவியல், கணிதம் எல்லாம் இருக்கின்றன. வேளாண்மையும் இருக்கிறது. கூடவே ஜோதிடம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அறிவிப்பிலேயே இருந்தது. ரேடார் பழுது பார்க்கிறவனும், டாங்கி எஞ்சினைப் பிரித்து மாட்டுகிறவனும், ஆப்டிக்கல் ஃபைபர் இழுத்து மலைக்கு மலை இணைப்புக் கொடுக்கிறவனும் கடைசியில் ஒரு பி.ஏ. வாங்கிக்கொண்டு வெளியே வரலாம். பொறியியலை இணையவழியிலோ தொலைநிலையிலோ நடத்த விதி இடம் தராது; அதனால் எலக்ட்ரானிக்ஸில் என்னைவிடக் கை தேர்ந்த ஒருவனுக்கு எலக்ட்ரானிக்ஸ் என்ற பெயரில் பட்டம் தர வழியில்லை.

பாதிக் கிரெடிட் எதற்கு என்ற கேள்விக்கான பதில், பட்டத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும். அமெரிக்காவில் இதைச் செய்கிற முறை ஒன்று இருக்கிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் தொடங்கிய வழக்கம். அமெரிக்கக் கல்விக் கழகம் என்ற அமைப்பு ராணுவப் பயிற்சி ஒவ்வொன்றையும் பேராசிரியர்களை வைத்து மதிப்பிட்டு, இது எந்தப் பாடத்தில், எந்த நிலையில், எத்தனை கிரெடிட்டுக்குச் சமம் என்று பரிந்துரைக்கிறது. சிப்பாயின் கையில் இருக்கும் பதிவுத்தாளில் பயிற்சி வாரியாக அது எழுதியிருக்கும். நம் பையனின் மதிப்பெண் பட்டியலிலும் வெறுமனே 'திறன்' என்று மொத்தமாக ஒரு வரி போடாமல், இன்ன வகைத் தொடர்புச் சாதனம், இத்தனை மணி நேரம், இன்ன தேர்ச்சி என்று எழுதினால் என்ன? ரகசியம் எதுவும் வெளியே போய்விடாது. நான் நேர்காணலில் உட்கார்ந்திருந்தால் அந்த வரியை வைத்து அரை மணி நேரம் பேசுவேன்.

அமெரிக்காவைச் சொல்லிவிட்டு அங்கே நடந்த கொள்ளையைச் சொல்லாமல் விடக்கூடாது. அங்கே லாப நோக்குக் கல்லூரிகள் தம் வருமானத்தில் 90 சதவீதத்துக்கு மேல் மத்திய அரசின் மாணவர் உதவிப் பணமாக இருக்கக் கூடாது என்று ஒரு விதி. ஆனால் ராணுவத்தினருக்கான கல்விப் பணம் பல வருடங்களாக அந்த 90இல் சேராமல் வெளியாள் பணமாகவே கணக்கிடப்பட்டது. விளைவு, ஒவ்வொரு சிப்பாயும் நடமாடும் காசோலை ஆகிவிட்டான். வலைவீசி வலைவீசிச் சேர்த்தார்கள். 2021இல் சட்டம் திருத்தி, 2023இல்தான் அந்த ஓட்டை அடைக்கப்பட்டது. அதற்குள் ஐடிடி டெக் போன்ற பெரிய சங்கிலிக் கல்லூரி 2016இல் ஒரே நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட வளாகங்களை இழுத்து மூடியிருந்தது. இங்கேயும் லட்சங்களோடு வெளியே வரப்போகும் இருபத்திரண்டு வயதுப் பையன்களை யார் முதலில் மோப்பம் பிடிப்பார்கள் என்று ஊகிக்கச் சிரமப்பட வேண்டாம். 'டிகிரி இன் ஒன் இயர்' சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் பசையோடு தயாராக இருப்பார்கள்.

இன்னொரு விஷயம். இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களுக்குத்தான் இது உறைக்கும் என்பதால் சொல்கிறேன். என் சித்தி பையன் முதலில் படிக்க ஆசைப்பட்டது பி.ஏ. தமிழ். பள்ளியில் ஒரு நல்ல தமிழாசிரியர் வாய்த்திருந்தார். பட்டாளத்துக்குப் போகும்போது பெட்டியில் இரண்டு நாவல்கள் வைத்துக்கொண்டு போனவன். நம் மாநிலப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலையில் தமிழ் நடத்துகின்றன. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் என்று 2002 முதல் தனியாக ஒன்றே இருக்கிறது. ஆனால் மாநிலப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வி மாநில எல்லையைத் தாண்டக் கூடாது என்று 2013இல் மானியக் குழு கோடு போட்டுவிட்டது. போலி மையங்களை ஒழிக்கப் போட்ட கோடு, சரி. அந்தக் கோட்டில் மாட்டிக்கொண்டவன், அசாமில் காவல் நிற்கும் தமிழ் வாசகன். ஒவ்வொரு தேர்வுக்கும் அவன் ஊருக்கு வந்தாக வேண்டும். விடுப்பு அவன் கையில் இல்லை. "தமிழ் படிக்கணும்னா தமிழ்நாட்டுல இருக்கணுமாம்ணா" என்று சிரித்தான். பிறகு வேறு பாடம் எடுத்தான். படைவீரர்களுக்கு மட்டும் அவர்கள் இருக்கும் ராணுவக் குடியிருப்பிலேயே ஒரு தேர்வு மையம் வைக்க ஒற்றைப் பக்க விலக்கு ஆணை போதும். தமிழுக்குச் செம்மொழி விழா எடுக்கிற நாம் இதைக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

சேவையைப் பட்டத்துக்குச் சமமாகப் பார்க்க அரசுக்குத் தெரியாமல் இல்லை. பத்தாம் வகுப்புத் தேறி, ராணுவத்தின் சிறப்புக் கல்விச் சான்றிதழோ அதற்கு இணையானதோ வைத்திருந்து, 15 வருடம் பணி முடித்த முன்னாள் படைவீரரை, தொழில்நுட்பத் தகுதி தேவைப்படாத குரூப் சி பதவிகளுக்குப் பட்டதாரி போலவே கருதலாம் என்று மத்திய அரசு 1986இலேயே விதி செய்துவிட்டது. நாற்பது வருடப் பழைய விதி. பதினைந்து வருடம் நின்றவனுக்கு அது உதவுகிறது. நான்கு வருடத்தில் அனுப்பப்படுகிறவனுக்கு உதவாது. அவனுக்கு இருக்கிறது அந்த பி.ஏ. மட்டும்தான். அதை எடுத்துக்கொண்டு அவன் வந்து நிற்கப்போகும் வாசல் நம்முடையது.

அந்த வாசலில் என்ன நடக்கிறது என்று பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். நான் முன்பு வேலை செய்த ஒரு நிறுவனத்தில் நெட்வொர்க் கண்காணிப்பு வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. இரவுப் பணி, பதற்றப்படாமல் பிரச்சினையைப் படிப்படியாகப் பிரித்துப் பார்க்கும் குணம், எழுதி வைக்கும் பழக்கம், இவ்வளவுதான் வேலை. கடற்படையில் 15 வருடம் தகவல் தொடர்புப் பிரிவில் இருந்த ஒருவர், பணியில் இருக்கும்போதே இக்னோவில் பி.சி.ஏ. முடித்தவர், தெரிந்தவர் மூலமாக எனக்கு விவரம் அனுப்பியிருந்தார். நான் பரிந்துரைத்தேன். இரண்டு நாளில் பதில் வந்தது, தகுதியில்லை. மனிதவளத் துறையில் இருந்த பெண்ணிடம் போய்க் கேட்டேன். நல்ல மனுஷி, வேண்டுமென்று செய்யக்கூடியவர் இல்லை. "சார், ஃபுல் டைம் டிகிரி இல்லையே" என்றார். அந்த வருடங்களில் அவர் ஃபுல் டைமாகக் கடலில் இருந்தார் என்றேன். "எனக்குப் புரியுது சார், சிஸ்டம்ல அந்த ஆப்ஷன் போட்டா ரிஜெக்ட் ஆயிடும்" என்றார். சிஸ்டம் என்று அவர் சொன்னது எங்களைப் போன்ற ஒருவன் எழுதிய நான்கு வரி நிபந்தனையை. பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம், முழுநேரம், படிப்பில் இடைவெளி கூடாது. அந்த வேலைக்குக் கடைசியில் வந்தவன் ஒரு ரெகுலர் பொறியாளன். இரவுப் பணி ஒத்துவரவில்லை என்று நான்கு மாதத்தில் போய்விட்டான். அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

எல்லா ஜவானும் மேதை என்று நான் சொல்ல வரவில்லை. ஒப்புக்குப் படித்தவர்கள் அங்கேயும் உண்டு, பதவி உயர்வுக்காகப் படித்தவர்கள் உண்டு, அசைன்மென்ட்டை எழுத பாரக்கில் ஒரு பையனைப் பிடித்தவர்களும் உண்டு. நேர்காணலில் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்தப் பத்து நிமிடத்தைத்தான் கேட்கிறேன். சலுகை கேட்கவில்லை, மதிப்பெண் தளர்வு கேட்கவில்லை, 'தேசத்துக்காக' என்ற வார்த்தையை இந்தக் கட்டுரையில் எங்கும் பயன்படுத்தவும் விருப்பமில்லை.

2022 கடைசியிலும் 2023 தொடக்கத்திலும் பயிற்சிக்குப் போன முதல் அக்னிவீரர்களின் நான்கு வருடம் 2026 கடைசியிலும் 2027 தொடக்கத்திலும் முடிகிறது. அதற்கடுத்து ஒவ்வொரு வருடமும் ஆயிரக்கணக்கில் வருவார்கள். இருபத்தொன்று, இருபத்திரண்டு வயது, ஒரு பி.ஏ.வோ, முடியாத பி.ஏ.வின் பட்டயமோ கையில் இருக்கும். பெங்களூரில் அல்சூர் ஏரியை ஒட்டி மெட்ராஸ் சாப்பர்களின் மையம் இருக்கிறது. அங்கே பயிற்சி பெறுகிறவர்களைப் படை முழுக்கத் 'தம்பி' என்றுதான் அழைப்பார்கள். அங்கிருந்து மகாத்மா காந்தி சாலை அலுவலகங்கள் நடக்கிற தூரம். இந்தத் தம்பி அந்தத் தூரத்தை நடந்து வரும்போது நம் படிவம் அவனிடம் முதலில் கேட்கப்போவது ரெகுலரா, கரஸ்ஸா என்று.

ஆட்சேர்ப்பு மென்பொருள் எழுதும் குழுக்களில் இதைப் படிக்கிற பத்துப் பேராவது வேலை செய்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். கல்வி வகை என்ற அந்தக் கட்டத்தை எந்த முடிவுக்காகச் சேகரிக்கிறீர்கள் என்று உங்கள் அடுத்த திட்டமிடல் கூட்டத்தில் வாய்விட்டுக் கேளுங்கள். யார் பதில் சொல்கிறார்கள், என்ன சொல்கிறார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.